நூற்றில் நான்கு இடம்

முன்னுரை

திங்கட்கிழமை காலை வேளையில் மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்துப் பக்கம் நீங்கள் சென்றதுண்டா? அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். கையில் மனுவுடன் கூட்டம் கூட்டமாக மக்கள் வருவர். அவர்களிடையே ஊன்றுகோலுடன் நடந்து வரும் பெரியவரையும், தாயின் தோளைப் பற்றிக்கொண்டு வரும் பார்வையற்ற இளைஞரையும், மூன்று சக்கர வண்டியில் வரும் பெண்ணையும் காணலாம். கண்டதும் நம் வாய் தானாகவே "ஐயோ, பாவம்!" என்று சொல்லிவிடும். நாங்களும் அப்படிச் சொன்னவர்களே.

இவ்வாண்டு எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர் எங்கள் ஐவருக்கும், "மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் என்ன உரிமை உண்டு? படித்துத் தெரிந்து எழுதுங்கள்" என்று ஓர் ஆய்வுப் பாடம் கொடுத்தார். படித்து முடித்தபோது "பாவம்" என்னும் சொல்லை நாங்கள் விட்டுவிட்டோம். ஏன் விட்டோம் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் அக்காவின் கதை

எங்களுள் ஒருத்தியின் வீடு தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது. அவளுடைய அக்கா வணிகவியல் பட்டதாரி. சிறு வயதில் கண்ட கடுங்காய்ச்சலுக்குப் பின் இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. அருகில் நின்று உரக்கப் பேசினால் ஓரளவு கேட்கும். மற்றபடி உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார். பள்ளியிலும் கல்லூரியிலும் முதல் பெஞ்சில் அமர்ந்தே படித்துத் தேறினார்.

பட்டம் பெற்றபின் நான்கு ஆண்டுகள் அடுத்தடுத்து அரசு வேலைக்கும் வங்கி வேலைக்கும் தேர்வு எழுதினார். நான்கு முறையும் சில மதிப்பெண்களில் வாய்ப்புத் தவறியது. ஒருமுறை தேர்வு முடிவைப் பார்த்தபோது, செவித்திறன் குறைந்தோர் பட்டியலில் கடைசியாகத் தேர்வானவரைவிட அக்காவின் மதிப்பெண் கூடுதல் என்று தெரிந்தது. ஆனால் அக்கா பொதுப் பட்டியலில் அல்லவா விண்ணப்பித்திருந்தார்! அவரிடம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழே இல்லை.

ஏன் வாங்கவில்லை என்று நாங்கள் கேட்டோம். அவருடைய தாயார்தான் பதில் சொன்னார்: "ஊனம்னு காயிதம் வாங்கி வச்சுட்டா, நாளைக்கு எவன் பாப்பா இவளைக் கட்டிக்குவான்?"

அந்தத் தாயைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. மகள் மேலுள்ள பாசமே அவரைத் தடுத்தது. ஆயினும் அந்தக் காகிதம் இல்லாததால் நான்கு ஆண்டுகள் வீணாயின. அந்தக் காகிதத்தின் மதிப்பு என்ன? அதை அறிய, சட்டத்தின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

சட்டம் வளர்ந்த வரலாறு

ஒரு காலத்தில் அரசு ஏடுகளில் "ஊனமுற்றோர்" என்னும் சொல்லே வழங்கியது. தமிழ்நாட்டில் 2010 இல் "மாற்றுத்திறனாளிகள்" என்னும் சொல் அரசு வழக்காயிற்று; அவர்களுக்கெனத் தனித் துறையும் அதே ஆண்டு அமைந்தது. சொல் மாறியதுபோலச் சட்டமும் படிப்படியாக மாறியே வந்துள்ளது.

1977 இல் மத்திய அரசு, தன் கீழ்நிலைப் பணிகளில் நூற்றுக்கு மூன்று இடங்களை ஒதுக்கியது. அது அரசு பிறப்பித்த ஆணை மட்டுமே. 1981 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்தது. அதன் பின்னரே இது கருணையைப் பற்றிய செய்தியன்று, உரிமையைப் பற்றியது என்னும் எண்ணம் நாடெங்கும் பரவத் தொடங்கியது. 1995 இல் நம் நாடாளுமன்றம் முதன்முறையாக இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. ஏழு வகைக் குறைபாடுகளை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. அரசுப் பணியில் 3 விழுக்காடு இட ஒதுக்கீட்டையும் சட்டமாக்கியது.

2006 இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2007 இல் இந்தியா அதை ஏற்றது. ஏற்ற பின் பழைய சட்டம் போதாது என்பது விளங்கிற்று. ஆகவே 2016 இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிறந்தது. 2017 ஏப்ரல் 19 இல் நடைமுறைக்கு வந்தது. ஏழாக இருந்த வகைகள் இருபத்தொன்றாயின. தசைச்சிதைவு நோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, குள்ள உருவம், அமில வீச்சினால் ஏற்பட்ட பாதிப்பு ஆகியவையும் இப்போது அப்பட்டியலில் உண்டு. அரசு வேலையில் 4 விழுக்காடும், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம்.

நான்கு இடத்தின் கணக்கு

நூறு காலியிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஓரிடம் பார்வையற்றோருக்கும் பார்வைக் குறைவுடையோருக்கும் உரியது. மற்றோரிடம் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும். மூன்றாவது கை, கால் இயக்கக் குறைபாடு உடையோருக்கு. தொழுநோயிலிருந்து குணமானோர், மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, அமில வீச்சுக்கு ஆளானோர், குள்ள உருவத்தினர் ஆகியோரும் இதில் அடங்குவர். நான்காவது இடம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உடையோருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உடையோருக்கும் பொதுவானது.

இந்த நான்கு இடங்களும் பட்டியலின் கடைசியில் போய் நின்றுவிட்டால் என்ன பயன்? மத்திய அரசு இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. நூறு இடங்களை இருபத்தைந்து இருபத்தைந்தாக நான்கு கூறாக்கி, ஒவ்வொரு கூறிலும் முதல் இடத்தை, அதாவது 1, 26, 51, 76 ஆகிய எண்ணுள்ள இடங்களை, மாற்றுத்திறனாளிகளுக்கு எனக் குறித்துவைக்கின்றனர்.

"எங்கள் சாதிக்கு உரிய ஒதுக்கீட்டைவிட்டு இதற்குப் போக வேண்டுமா?" என்று சிலர் ஐயுறுவர். வேண்டியதில்லை. சாதி அடிப்படையிலான ஒதுக்கீடு செங்குத்தாக நிற்பது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு அதன் குறுக்கே செல்வது. நாம் உடுத்தும் பாவாடைத் துணியின் பாவும் ஊடும் போல இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாற்றுத்திறனாளி தேர்வானால், அந்த வகுப்புக்குரிய இடங்களுக்குள்ளேயே அவர் கணக்கில் வருவார். தமிழ்நாட்டு அரசுப் பணியில் பெண்களுக்கு உள்ள 30 விழுக்காடும் இவ்வாறே குறுக்கே செல்வதுதான்.

தகுதியானவர் ஓர் ஆண்டில் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை உடனே பிறருக்குக் கொடுத்துவிடலாகாது. அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். அடுத்த ஆண்டும் கிடைக்காவிட்டால் வேறு வகை மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்க முயல வேண்டும். அதன் பின்னரே மற்றவர்க்கு.

ஒதுக்கீட்டை எந்த எண்ணிக்கையில் கணக்கிடுவது என்பதில் நெடுங்காலம் வழக்கு இருந்தது. "இவர்கள் செய்யத் தக்கவை" என்று அடையாளம் கண்ட பணியிடங்களில் மட்டும் கணக்கிட்டதால் இடங்கள் சுருங்கின. தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடர்பான வழக்கில் 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மொத்தக் காலியிடங்களின் எண்ணிக்கையிலேயே விழுக்காட்டைக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பார்வையற்றவர்களே சங்கம் அமைத்து வழக்காடிப் பெற்ற வெற்றி அது!

சான்றிதழும் அட்டையும்

இவ்வொதுக்கீட்டைப் பெற, குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாக அரசு மருத்துவக் குழு சான்றளிக்க வேண்டும். அளவுகள் திட்டமாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. செவித்திறனை எடுத்துக்கொள்வோம். இரு காதுகளிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேள்திறன் இழந்தவர் காது கேளாதவர்; 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவர் செவித்திறன் குறைந்தவர். குள்ள உருவம் என்றால் வளர்ந்தவரின் உயரம் 147 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ இருக்க வேண்டும்.

சான்றிதழுடன் நாடு முழுவதும் செல்லத்தக்க தனி அடையாள அட்டையும் உண்டு. ஆதார் எண், புகைப்படம் முதலியவற்றுடன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தெரியாதவர்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழிகாட்டுவர்.

40 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் உரிமையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஒதுக்கீடுதான் இல்லை. குறைபாட்டைக் காரணம் காட்டி வேற்றுமை பாராட்டக் கூடாது என்னும் பாதுகாப்பு எல்லார்க்கும் உண்டு. எழுத இயலாத விரல் பிடிப்புடன் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்த விகாஷ் குமார் என்பவருக்கு, சொல்வதை எழுதுபவரை மறுத்தனர். 40 விழுக்காட்டு வரம்பு இதற்குப் பொருந்தாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

தேர்விலும் வேலை தேடும் காலத்திலும்

பள்ளியிலேயே உதவி தொடங்கிவிடுகிறது. நம் மாநிலத்தில் பத்தாம் வகுப்பு, மேல்நிலைப் பொதுத் தேர்வுகளில் உரிய சான்றுடன் முன்கூட்டி விண்ணப்பித்தால் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், மொழிப்பாட விலக்கும் குறைபாட்டின் தன்மைக்கேற்பக் கிடைக்கும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கு இவர்கள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மத்திய அரசுப் பணிகளில் வயது வரம்பும் பத்து ஆண்டுகள் தளர்த்தப்படுகிறது.

படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்போருக்கு மாநில அரசு உதவித்தொகை அளிக்கிறது. பொதுவான மனுதாரர் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால்தான் தொகை கிடைக்கும். மாற்றுத்திறனாளிக்கு ஓராண்டு போதும். பத்தாம் வகுப்பும் அதற்குக் கீழும் படித்தவர்க்கு மாதம் 600 ரூபாய், மேல்நிலை முடித்தவர்க்கு 750 ரூபாய், பட்டதாரிக்கு 1,000 ரூபாய். பத்து ஆண்டுகள் வரை பெறலாம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறந்தால் இந்தத் தொகையும் கைவிட்டுப் போகும்.

கடுமையான பாதிப்பினால் வேலைக்குச் செல்ல இயலாதவர்க்கு மாதப் பராமரிப்புத் தொகை உண்டு. அது 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. சொந்தமாகத் தொழில் செய்ய விரும்புவோர்க்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம், கால் பாதிக்கப்பட்டவர்க்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், தொழிற்கடன் ஆகியவையும் உள்ளன. 1997 இல் இதற்கெனவே ஒரு தேசிய நிதிக் கழகத்தை மத்திய அரசு நிறுவியது.

கிடைத்த வேலையைக் காத்தல்

குறைபாடு என்பது பிறவியிலேயே வருவது என்று பலரும் எண்ணுகின்றனர். விபத்தும் நோயும் யாருக்கும் எந்த நேரத்திலும் வரலாம். அரசுப் பணியில் இருக்கும்போது ஒருவர் மாற்றுத்திறனாளியானால் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது; பதவியும் தாழ்த்தக் கூடாது. பழைய வேலையைச் செய்ய இயலாவிடில் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். குணால் சிங் என்னும் காவலர் காயத்தினால் இடக்காலை இழந்தார், பணியிலிருந்தும் நீக்கப்பட்டார். 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2003 இல் அவருக்கே நீதி வழங்கியது. இன்றைய சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

சட்டம் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே இதை வாழ்ந்து காட்டியவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954 சனவரியில் நேர்ந்த கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வற்றுப் போயிற்று. அவர் மருத்துவத்தை விட்டுவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் முடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972 இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. விபத்தன்றே "இனி இவரால் ஆகாது" என்று கல்லூரி அவரை அனுப்பியிருந்தால், எத்தனை நோயாளிகள் வாழ்விழந்திருப்பர்!

நம்மைப் போன்ற பெண்கள்

சென்னை லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர் பெனோ செஃபின். பிறவியிலேயே பார்வையற்றவர். ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, வங்கியில் அதிகாரியாகப் பணியாற்றிக்கொண்டே குடிமைப் பணித் தேர்வு எழுதி வென்றார். எழுத்தைக் குரலாக்கும் கணினியும், புத்தகங்களை வாசித்துக் காட்டிய தாயும் அவருக்குக் கண்களாயினர். 2015 இல் இந்திய அயலகப் பணியில் சேர்ந்தபோது, முழுவதும் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்வது அதுவே முதல்முறை.

மதுரைப் பூரணசுந்தரியும் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். பாத்திமா கல்லூரியில் பயின்றார். 2020 ஆகஸ்டில் வெளியான குடிமைப் பணித் தேர்வு முடிவில் 286 ஆம் இடம் பெற்றார். ஒருமுறை எழுதி வென்றவர் அல்லர். தோல்விகளுக்குப் பின் வென்றவர்.

இவர்களைப் பாராட்டிவிட்டு நாம் நின்றுவிடலாகாது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 11 இலட்சத்து 79 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். நாடு முழுவதும் எண்ணியபோது, மாற்றுத்திறனாளி ஆண்களில் நூற்றுக்கு 47 பேர் ஏதேனும் வேலையில் இருந்தனர். பெண்களில் எத்தனை பேர்? நூற்றுக்கு 23 பேரே! சட்டம் இருவர்க்கும் ஒன்றுதான். அப்படியிருக்க இப்பாதிக் கணக்கு எப்படி வந்தது? தேவனாம்பட்டினத்து அக்காவின் வீட்டில் நாங்கள் கேட்ட பதிலில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மகனுக்குக் குறை என்றால் வேலை தேடிச் சான்றிதழ் வாங்குகிறோம். மகளுக்குக் குறை என்றால் திருமணத்தை எண்ணி மறைத்துவைக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வகுப்பில் ஒரு தோழிக்குக் கரும்பலகை தெரியவில்லை, பாடம் கேட்கவில்லை, எழுத்து தடுமாறுகிறது என்றால் கேலி செய்யாமல் ஆசிரியையிடம் அவளை அழைத்துச் செல்வோம். இரண்டாவது, பத்தாம் வகுப்புக்கு முன்பே மருத்துவச் சோதனையும் சான்றிதழும் பெறத் தூண்டுவோம். மூன்றாவது, படிப்பு முடிந்ததும் வேலைவாய்ப்புப் பதிவு செய்து, புதுப்பிக்க வேண்டிய நாளை நாட்குறிப்பில் எழுதிவைப்போம். நான்காவது, விண்ணப்பப் படிவத்தில் மாற்றுத்திறனாளியா என்று கேட்கும் கட்டத்தை வெட்கப்பட்டு விட்டுவிடாமல் நிரப்பச் சொல்வோம். ஐந்தாவது, உரிமை மறுக்கப்பட்டால் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம். அதற்கு மேலும் முறையிட மாநில ஆணையர் இருக்கிறார் என்பதைத் தெரிவிப்போம்.

முடிவுரை

இக்கட்டுரைக்காகச் சேர்த்த செய்திகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அக்காவின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டினோம். அக்கா எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "எந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

கேள்திறன் சோதனையில் இரு காதுகளிலும் 68 டெசிபல் இழப்பு என்று வந்தது. இப்போது சான்றிதழ் அக்காவின் கையில் இருக்கிறது. அவருக்கு வயது இருபத்தொன்பது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நாங்கள் உறுதி கூறவும் இயலாது. தேர்வை அவர்தான் எழுதி வெல்ல வேண்டும். ஆனால் இம்முறை தமக்குரிய வரிசையில் நின்று எழுதப் போகிறார். வயதுத் தளர்வு இருப்பதால் இன்னும் காலமும் இருக்கிறது.

தோழியரே! நூற்றில் நான்கு இடம் என்பது யாரும் இரங்கிக் கொடுத்த பிச்சையன்று. உரியவர் வந்து கேட்கும் வரை காத்திருக்கும் இருக்கை அது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அந்த இருக்கைக்கு உரியவர் ஒருவர் இருக்கக்கூடும். இம்மலரை மூடிவைத்ததும் அவரிடம் சென்று இதைச் சொல்லுங்கள். அன்று நாம் "பாவம்" என்று சொல்ல மாட்டோம். "வாருங்கள் அக்கா, படிவம் நிரப்பலாம்" என்று சொல்வோம்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் ஐவர்